அம்மா நேர்ந்த வாழைத்தார்

போன வெள்ளிக்கிழமை திருச்சி மலைக்கோட்டை போயிட்டு வந்தோம், தாயுமானவருக்கு வாழைத்தார் குடுக்க. நேர்ந்துகிட்டது நான் இல்ல, எங்க அம்மா. நான் முழுகாம இருக்கேன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு ரூபாய் காச மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டாங்க. எனக்கு ஆறாம் மாசம் நடக்கறப்ப அம்மா போயிட்டாங்க, ஹார்ட் அட்டாக், ஒரே ராத்திரில எல்லாம் முடிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் சாமி ரூம் பக்கமே நான் போகல. கோவம்னு கூட சொல்ல முடியாது, கை எடுத்துக் கும்பிட தெம்பு இல்ல.

தாயுமானவர் கதை அம்மா சொல்லி சொல்லி மனப்பாடம். இரத்னாவதின்னு ஒரு பொண்ணுக்கு பிரசவ நேரம், அவ அம்மா வர்ற வழியில காவேரில வெள்ளம், அக்கரையிலேயே நின்னுட்டாங்க, செவ்வந்திநாதரே, தாயுமானவருக்கு அப்ப அதான் பேரு, அந்த அம்மா உருவத்துல வந்து பிரசவம் பாத்தார், வெள்ளம் வடிஞ்சு நெஜ அம்மா வந்து நின்னப்பதான் வந்தது யாருன்னே தெரிஞ்சுது. வலி வந்த ராத்திரி லேபர் வார்டுல எனக்கு இதுதான் ஞாபகம். எங்க அம்மா நிக்கற கரைக்கு வெள்ளம் வடியவே வடியாது. அதனால நீ வான்னு அவரத்தான் கூப்பிட்டேன், வேண்டிக்கற மாதிரி இல்ல, அம்மாவ கூப்பிடற மாதிரி கத்தி. விடியக்காலை பொண்ணு பொறந்தா. அந்த ராத்திரி நான் தனியா இல்ல, இத யார் கேட்டாலும் சொல்லுவேன்.

உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 417 படி, தாயுமானவர் நடுவுல இருக்கார். எனக்கு இன்னும் ரத்தம் கம்மி, மாணிக்க விநாயகர கும்பிட்டு கொஞ்சம் ஏறினதுமே கண்ணு இருட்டி சுவரோரமா உக்காந்துட்டேன். அத்தை பாப்பாவ வாங்கிகிட்டாங்க. வீட்டுக்காரர் தாரத் தோள்ல வச்சுகிட்டே நின்னார், வெள்ளை சட்டை பூரா வாழைக்கறை.

எங்க அம்மா வீடு உறையூர், மலைக்கோட்டைக்கு மேற்க. தாயுமானவர் மேற்க பாத்துதான் இருப்பார், கொடிமரம் பின்னாடி கெழக்க இருக்கும். உறையூர் ராஜா மேல கோவத்துல திரும்பிட்டார்னு தலபுராணம். அம்மா அந்தக் கோவத்தயெல்லாம் கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க, "நம்ம வீட்டப் பாத்துதான்டி உக்காந்திருக்கார்"னுவாங்க.

குருக்கள் தார வாங்கி வச்சுட்டு யார் வேண்டுதல்னு கேட்டார். எங்க அம்மான்னேன். அவா வரலையான்னார். வாய் வரல எனக்கு. தீபாராதனை காட்டறப்ப அவ்ளோ பெரிய லிங்கம் கண்ணுல கலங்கலாத்தான் தெரிஞ்சுது, இத்தன மாசம் அழாதது அங்கதான் அழுதேன், யாரும் நகருங்கன்னு சொல்லல. மனசு ஆறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சாஞ்சுக்க முடிஞ்சுது.

பிரசாதமா வந்த பழத்துல ரெண்டு எடுத்து பக்கத்துல நின்ன மாசமா இருந்த பொண்ணுக்குக் குடுத்தேன், அவ அம்மா கையப் புடிச்சுகிட்டு நின்னா. காச அவுத்து உண்டியல்ல போட்டாச்சு. துணிய போட மனசு வரல, அம்மா போட்ட முடிச்சோட சுருக்கம் அப்படியே இருந்துச்சு. பாப்பா அத இறுக்கிப் புடிச்சுகிட்டா, கீழ வர்ற வரைக்கும் விடவே இல்ல.