அப்பத்தாவும் காலண்டர் சர்வரும்

காலையில் பட்டாலைத் தூணில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டிக்கொண்டே அப்பத்தா கேட்டார்கள்: "ஏப்பா, உன் பொட்டிக்குச் சஷ்டி தெரியுமா?"

பொட்டி என்றது, நேற்றிரவு பெட்டகத்தின் மேல் நான் உட்கார வைத்த 'ராஸ்பெர்ரி பை' என்ற குட்டிக் கணினியை. இயங்குதளம் டெபியன், அதில் ராடிகேல் என்ற காலண்டர் சர்வர். ஐந்து புள்ளிக்கு, அதாவது மணமான ஐந்து குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. யார் எப்போது வருகிறார்கள், சாவி யாரிடம் என்று எல்லார் ஃபோனிலும் தெரிய வேண்டும்.

நிறுவியது பத்தே நிமிடம். அப்புறம் ஒரு மணி நேரம் எந்த ஃபோனும் ஒட்டவில்லை. அமைப்புக் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினி, மட்டும்தான்.

பெட்டி தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தது!

எல்லா இணைப்புகளிலிருந்தும் கேட்கும்படி 0.0.0.0:5232 என்று மாற்றியதும் வீட்டு வைஃபையில் இருந்த ஃபோன்கள் வந்துவிட்டன. (வெளியூர்க்காரர்களுக்கு வயர்கார்டு என்ற விபிஎன். அது அடுத்த வாரத் தலைவலி.)

நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பை 'ஆண்டுதோறும்' என்று போட்டேன். அது ஆங்கிலத் தேதியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நோன்போ திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாள்.

சரி என்று அப்பத்தா காலண்டர் தாளைப் பார்த்துத் தேதி சொல்ல, நான் தட்டினேன். ஃபோல்டரில் அந்த நிகழ்வுக்கென்று புதிதாக ஒரு ஐசிஎஸ் கோப்பு.

"அதுலயே நோன்புத் திரி இழைக்கு 21 நூல்னு எழுதிரு, உன் சித்தி மறந்துருவா."