சிலோன் காகிதங்களை வைத்துச் சாதிச் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் எஸ்.சி. சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் யாரிடமும் அது இல்லை. நீலகிரியில் எங்களைப் போல இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

தாத்தா இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்து ஏற்றுக்கொள்வதென்று போட்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு போட்ட டான்டீ தேயிலைத் தோட்டம். “குளிரு அங்கயும் இருந்துச்சு, அட்டை அங்கயும் கடிச்சுச்சு. ஆனா அங்க நமக்கு நாலு சனம் இருந்துச்சு” என்று அப்பாயி சொல்லும். வாங்கிய கூலி வயிற்றுக்கே சரியாகப் போன வீட்டில் சான்றிதழைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இ-சேவை மையத்தில் பதிந்த விண்ணப்பம், பெற்றோர் சான்றிதழ் இல்லை என்று திரும்பி வந்தது. அப்பா பிறந்தது அட்டனில். அவருடைய பிறப்புப் பத்திரத்தில் இனம் ‘இந்தியத் தமிழர்’ என்று மட்டுமே இருக்கும்; சாதி இருக்காது. ஒரு அலுவலர், “நீங்க அகதிதானே, முகாம் அட்டை எங்கே?” என்று கேட்டார். 1983 கலவரத்துக்கு அப்புறம் வந்தவர்கள்தான் அகதிகளாகப் பதியப்பட்டவர்கள். நாங்கள் கண்டியில் இந்திய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு குடிமக்களாக வந்தவர்கள். இத்தனை வருஷம் கொழுந்து பறித்தும் இதை விளக்க வேண்டியிருப்பது எனக்கு வலித்தது.

அப்பாயியின் தகரப் பெட்டியில்தான் வழி கிடைத்தது. பழைய பாஸ்போர்ட்டில் தாத்தாவும் அப்பாயியும் சேர்ந்த படம், பிள்ளைகளின் பெயர்கள், கண்டி முத்திரை. கூடவே மடிப்பில் கிழிந்துபோன குடும்ப அட்டை. ரேஷன் அட்டை இல்லை, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்தது. அதில் தாத்தாவின் சொந்த ஊர், துறையூர் பக்கத்துக் கிராமம், மையில் எழுதியிருந்தது.

அந்த ஊருக்கே போனேன். தாத்தாவின் தம்பி வழியில் ஒரு பெரியப்பா இருந்தார். முன்பின் பார்த்ததில்லை, ஆனாலும் உட்காரவைத்துச் சோறு போட்டு, தன் சாதிச் சான்றிதழின் நகலையும் கொடுத்தார். இரண்டு குடும்பத்துக்கும் உள்ள உறவை வம்சாவளியாக எழுதி அங்குள்ள கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கினோம். தாத்தா பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால், எல்லாம் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமும் போட்டேன்.

இவற்றை இணைத்து மறுபடி விண்ணப்பித்தபோது எங்கள் பகுதி விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வீட்டுக்கே வந்து விசாரித்தார். வருவாய் ஆய்வாளரும் (ஆர்ஐ) கேள்வி கேட்டார். தாசில்தாரிடம் இருந்து சான்றிதழ் வந்தபோது சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. கல்லூரியில் அவகாசம் தந்திருந்ததால் இடம் போகவில்லை.

பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். பிள்ளை பத்தாவது படிக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. ஊரில் சொந்தத்தைத் தேடவே நாளாகும். எங்கள் வீட்டில் இப்போது அதே கோப்பை வைத்துத் தம்பி பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.