"ஆன்டிபாடி எங்கே?"

பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய். சுரப்பியை முழுவதும் எடுத்தது, கதிரியக்க அயோடின் சிகிச்சை, அதற்கான தனியறை வாசம் எல்லாம் பெரிய தொல்லையின்றி முடிந்தன. என்னை அழவைத்தது கோத்தகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்.

கோவை மருத்துவர் எழுதிய சோதனைகள் இரண்டு: தைராய்டு செல்கள் சுரக்கும் புரதமான தைரோகுளோபுலின், அதை எதிர்க்கும் ஆன்டிபாடியான ஆன்டி தைரோகுளோபுலின். கணினி முன் இருந்த தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதான் அக்கா, டாக்டர் மறந்து இரண்டு முறை எழுதியிருக்கிறார்" என்றார். காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

தைரோகுளோபுலின் முடிவு 0.1-க்கும் கீழே. சந்தோஷமாக முதல் பஸ் ஏறினேன். பலாப்பழக் காலம், குஞ்சப்பனை அருகே யானை சாலையில் நின்றதால் அரை மணி நேரம் பஸ் நகரவில்லை. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மருத்துவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆன்டிபாடி எங்கே?" என்றார்.

சுரப்பியே இல்லாதவருக்குத் தைரோகுளோபுலின் அநேகமாக இருக்கக்கூடாது. அது ஏறிக்கொண்டே போனால், எங்கோ மிஞ்சிய அல்லது பரவிய செல்கள் அதைச் சுரக்கின்றனவா என்று தேடுவார்கள். ஆனால் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருந்தால், பல கருவிகள் உள்ள அளவைக் குறைத்துக் காட்டிவிடும். துணைக்கு ஆன்டிபாடி முடிவு இல்லாமல் என் 0.1-ஐ நம்ப முடியாதாம். போக வர ஒரு நாளும் வீண், தேயிலை பறிக்கும் கூலியும் வீண்.

மறுமுறை ரத்தம் கொடுக்கும் முன் முடி கொட்டுவதற்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டினேன். அதிலிருந்த பயோட்டின் என்ற வைட்டமின் இந்தச் சோதனைகளைக் குழப்பும் என்று சில நாள் நிறுத்தச் சொன்னார். தைராய்டு மாத்திரையை மட்டும் அவர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் ஏறும்; அது ஏறினால் தைரோகுளோபுலினும் ஏறக்கூடும், பிறகு பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது. ஆய்வகத்தையும் மாற்றாதீர்கள், முறை மாறினால் எண்ணும் மாறும். அதனால்தான் அதே தம்பியிடமே மறுபடி போக வேண்டியிருந்தது.

இந்த முறை பணம் கொடுக்கும் முன் ரசீதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முகம் சுளித்தபடி படித்தார். இரண்டு வரி இருந்தது. மூன்றாம் நாள் வந்த தாளில் ஆன்டிபாடி வரம்புக்குள், தைரோகுளோபுலின் பழையபடியே. அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து.