சுங்கை சிப்புட்டில் ஏடு தொடங்கினேன்

எங்கள் மலேசிய ரப்பர்த் தோட்டத்துக் கோயில்களில் சரஸ்வதிக்குத் தனிச் சந்நிதி இருக்காது. கருவறையில் மாரியம்மன், ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் முருகன், வெளியே மரத்தடியில் முனியாண்டி. வருஷம் முழுக்கச் சுவரில் படமாகத் தொங்கும் கலைமகள், நவராத்திரியின் கடைசி மூன்று நாள்தான் மாலையும் விளக்குமாக நடுவில் வந்து உட்காருவாள். அவளைப் பார்க்கத்தான் அத்தை ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. எழுத்து வரவேண்டும்.

இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை வரம் கேட்கிறோம், வேலை கேட்கிறோம், வீட்டுக் கடன் கிடைக்கவேண்டும் என்றுகூட அர்ச்சனை செய்கிறோம். கதை எழுத வரவேண்டும் என்று யாராவது நேர்ந்துகொள்வார்களா? நான் நேர்ந்துகொண்டேன். ஒரு போட்டிக்கு அனுப்பிய கதை திரும்பி வந்திருந்தது. கூடவே தேர்வாளரின் குறிப்பு ஒன்று: ‘இந்தத் தோட்டத்துப் பேச்செல்லாம் யாருக்குப் புரியும்?’ அதற்கப்புறம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. எழுதுவேன், அழிப்பேன், கைப்பேசியை எடுத்துவிடுவேன். போனில் அத்தையிடம் புலம்பினேன். “பூசைக்கு வாம்மா. பேனாவ எடுத்துக்கிட்டு வா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் ஈப்போ. அங்கே கல்லுமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, அத்தை மகனின் காரில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். வழியெங்கும் சுண்ணாம்புக் குன்றுகள், அப்புறம் செம்பனை, மறுபடியும் செம்பனை.

சுங்கை சிப்புட்டைத் தெரியாத மலேசியத் தமிழர் குறைவு. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1919-இல் பிறந்தது இங்கேதான். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி, பாட்டாளிகள் தங்கள் வரிசை வீடுகளான லயங்களை விட்டு வெளியேறவேண்டிய நிலை வந்தபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஆளுக்கு மாதம் 10 வெள்ளி போட்டுத் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்ச் சொன்னார். அன்றைய கூலிக்கு 10 வெள்ளி பெரிய காசு. பால்மரம் சீவுகிறவன் தோட்டத்துக்கு முதலாளியா என்று சிரித்தவர்களும் இருந்தார்களாம். தாத்தா சிரிக்கவில்லை, கட்டினார்.

கோயிலுக்குச் செம்மண் சடக்கில் உள்ளே போகவேண்டும். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு வெகுகாலம் ஆகிறது. லயங்கள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, விடியற்காலையில் ஆளெண்ணிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இருந்த இடமும் தெரியவில்லை. சனங்கள் எல்லாம் டவுனில் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. பூசைக்கு எல்லாரும் காரிலும் மோட்டாரிலும் வந்து இறங்குகிறார்கள். பாத்திரம் முதல் தண்ணீர் வரை வண்டியில்தான் வருகிறது. வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்தியானத்துக்குமேல் மழை பிடித்தால் அந்தச் சடக்கில் சின்னக் கார் சிக்கிக்கொள்ளும். காலையிலேயே போய்விடுங்கள்.

சரஸ்வதி பூசைக்குப் படத்தின் முன்னால் பாய் விரித்து எல்லாவற்றையும் அடுக்கினார்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள், எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப்போகும் பெண்ணின் கணிதக் குறிப்புகள், ஒரு மிருதங்கம், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், லாரிச் சாவி, மடிக்கணினி. ஒருவர் கைப்பேசி சார்ஜரையும் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதுவும் ஆயுதந்தானே.

அத்தை ஒரு துணி முடிச்சை அவிழ்த்துத் தன் பால் வெட்டும் கத்தியை எடுத்தார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் பூசைக்குப் பூசை அதற்குச் சந்தனம் உண்டு. கையில் வாங்கிப் பார்த்தேன். நுனியில் மடங்கிய அலகு, தீட்டித் தீட்டித் தேய்ந்து பாதியாகியிருந்தது. மரப்பிடியில் கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு பள்ளம். என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அத்தையின் விரல் என்னுடையதைவிடப் பெரியது.

“இத வெச்சு எப்படித்தான் வெட்டுவீங்க?”

“பட்டைய மெல்லிசா சீவணும். ஆழமாப் போனா மரத்துல காயம், அப்புறம் அந்த எடம் முண்டு முண்டா வளந்துடும். மேலாக்கச் சீவினா பால் வராது. வெயில் ஏறினா பாலும் நின்னுடும். அதுக்குத்தான் இருட்டோட போறது.”

“புது மரத்துல?”

“புது மரத்துல மொத நாளு பால் பிடிக்கிற மங்குகூட நனையாது. அதுக்காக வேலை வாங்குற தண்டல் மரத்தத் திட்டுவாரா? வெட்ட வெட்டத்தான் வரும்.”

ஏன் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். என் பேனாவை வாங்கிக் கத்திக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

பேனாவும் புத்தகமும் பூசையில் இருக்கும்போது படிக்கவோ எழுதவோ கூடாது என்பது வழக்கம். கைப்பேசியில் தட்டுவதும் எழுத்துதான் என்று அத்தை அதற்கும் தடை போட்டார். சும்மா இருப்பானேன் என்று மாலையில் குவாலா கங்சாருக்குப் போனோம், பக்கத்து ஊர்தான். 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட 9 ரப்பர்க் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் அங்கே வேலிக்குள் நிற்கிறது. பழுத்த கிழம். அத்தை சொன்னது எவ்வளவு சரி என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி என்பவர், வெட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப மெல்லச் சீவினால் பால் கூடிக்கொண்டே வரும் என்று கண்டுபிடித்தார். நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்ததற்கு அந்த வெட்டும் ஒரு காரணம்.

திரும்பி வரும் வழியெல்லாம் தலைக்குள் வரிகள். எழுதக்கூடாது என்ற அன்று பார்த்துத்தான் வந்து கொட்டின.

அன்று இரவு பூசையில் பிள்ளைகள் சகலகலாவல்லி மாலை பாடினார்கள். பத்துப் பாடல்களையும் பார்க்காமலே பாடினார்கள். ஐந்து வயதுவரை பேச்சே வராமல் இருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தவர் என்று சொல்லப்படும் குமரகுருபரர் காசியில் பாடியது. சிறுவயதிலிருந்து கேட்ட பாட்டுதான், ஆனால் அன்றுதான் காதில் விழுந்தது. முதல் பாடலிலேயே அவர் என்ன கேட்கிறார்? வெள்ளைத் தாமரையில் பாதம் வைத்திருக்கிறாயே, என் உள்ளத் தாமரை அதற்குத் தகாதோ என்று. எனக்கு என்ன தகுதி என்று குழையவில்லை, உரிமையோடு வாதாடுகிறார். பின்னால் ஒரு பாடலில், இசையும் நடனமும் கல்வியும் இனிய சொல் கொண்ட கவிதையும் நினைத்தபோது எளிதில் கைகூடவேண்டும் என்று பட்டியலே போடுகிறார். பக்தி என்றால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்றே பழகிவிட்ட எனக்கு, இப்படியும் கேட்கலாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி, ஏடு தொடக்கம். சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி ஐயா தாம்பாளத்து அரிசியில் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து எழுத வைத்தார். ஒரு பையன் கையை உதறி அரிசியை வாரி வாயில் போட்டுக்கொண்டான். வரிசை முடிந்ததும் அத்தை என் முதுகைத் தள்ளினார். எனக்கு வெட்கம்.

“உட்காரும்மா, அரிசி நெறைய இருக்கு” என்றார் ஐயா.

உட்கார்ந்தேன். விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார். மஞ்சள் தடவிய அரிசி நகக்கண்ணில் குத்தியது. பேனாவில் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, “இன்னிக்கே ஒரு பக்கமாச்சும் எழுதிடு. நாளைக்குன்னு தள்ளிப் போடாத” என்றார்.

அன்னதானம் நடந்துகொண்டிருந்த கொட்டகையிலேயே, ஓரமாகச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம் ரசவாளி இரைச்சல், மறுபக்கம் மோர் கேட்டுக் கூப்பாடு. எழுத உட்காரும்போதெல்லாம் அதுவரை என் எதிரே அந்தத் தேர்வாளர்தான் உட்கார்ந்திருந்தார், முகம் தெரியாத மனிதர். அன்று எதிரே அம்மன் இருந்தாள். அவளுக்குப் பெரட்டு என்றால் தெரியும், மங்கு என்றால் தெரியும். எதையும் விளக்கவேண்டியதில்லை. நம்பிக்கை எனக்குச் சொற்களைத் தந்தது என்று சொல்லமாட்டேன், அவை ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருந்தவை. யார் முன்னால் எழுதுகிறேன் என்பதை அது மாற்றிக் கொடுத்தது, எனக்கு அது போதும்.

சாப்பிட்டு முடித்த பெரியவர் ஒருவர் என்ன எழுதுகிறாய் என்று விசாரித்து, பழைய கதையெல்லாம் சொன்னார். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டுக்கு வருமாம். ஒருவர் வாசிக்க லயமே கேட்குமாம். அந்தப் பத்திரிகையில்தான் 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள், பத்திரிகை வழியாகவே கதை எழுதச் சொல்லித் தரும் பாடம். நம்மவர்களுக்கும் எழுத வரும் என்று முதலில் நம்பியவர்களில் அவர்களும் உண்டு. பத்திரிகை 2019-இல் நின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது பெரியவர் ஏதோ சொந்தக்காரர் செத்ததுபோலச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், எழுதிய வரைக்கும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய லயத்து வீடும் விடியற்காலைப் பெரட்டும்தான் கதை. வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதும் கேட்டார்.

“எல்லாம் சரிதான். ஆனா கிராணிய இவ்ளோ நல்லவனா எழுதி வெச்சிருக்கியே, அவன் எங்க அப்பாவுக்கு அரை நாள் பேரு வெட்டிக் கூலியக் கொறச்சவன்” என்றார்.

பேனாவை எடுத்து, கிராணி வரும் பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தேன். அவன் வேறு என்னவெல்லாம் செய்தான் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார்.