பிலிம் போட்ட பிளைவுட்: பட்டறை நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

இந்த மாதம் கையில் மூன்று வேலை. டேபிள் சா என்னும் மேசை ரம்பத்துக்கு ஒரு குறுக்குவெட்டு ஸ்லெட் (மரத்தைத் தாங்கி ரம்பத்தை நோக்கித் தள்ளும் சறுக்குப்பலகை), ரவுட்டர் (காடி, பள்ளம் குடையும் கருவி) மேசைக்குப் புதிய மேல்பலகை, ஒரு நூலகத்தின் வாசலில் மாட்டப் பெயர்ப்பலகை. மூன்றுமே பிளைவுட். ஆனால் மூன்றுக்கும் ஒரே பிளைவுட் ஆகாது.

ஸ்லெட்டின் மேற்பரப்பு வழுக்க வேண்டும். மேசைப்பலகை வழுக்கவும் வேண்டும், வளையாமலும் இருக்க வேண்டும். பெயர்ப்பலகை பெயின்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மழையைத் தாங்க வேண்டும். மேலே ரெசின் தாள் அழுத்திய பிளைவுட்டை வைத்து இதில் எதையெல்லாம் முடிக்கலாம் என்று இன்று உட்கார்ந்து யோசித்தேன்.

அமெரிக்காவில் இந்த வகைக்கு இரண்டு பெயர்: எம்.டி.ஓ. (மீடியம் டென்சிட்டி ஓவர்லே), எச்.டி.ஓ. (ஹை டென்சிட்டி ஓவர்லே). இரண்டும் அவர்களுடைய பி.எஸ். 1 தரநிலைக்குள் வருகின்றன. எம்.டி.ஓ.வில் தாளில் ரெசின் குறைவு, பரப்பு மங்கலாக இருக்கும், பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். அங்கே பெயர்ப்பலகை எழுதுபவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். எச்.டி.ஓ.வில் ரெசின் அதிகம், பரப்பு கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும், மேல்பூச்சே தேவையில்லை. கான்கிரீட் வார்ப்புக்கும், பிரதிபலிக்கும் தாள் ஒட்டிய சாலைப் பலகைக்கும் அது போகிறது.

கோவையில் நான் வாங்கும் கடைகளில் எம்.டி.ஓ. என்று கேட்டால் எதுவும் வராது. எச்.டி.ஓ.வுக்கு நெருங்கிய உறவு என்றால் சென்ட்ரிங் பிளைவுட்தான். தளம் போடும் இடங்களில் பார்த்திருப்பீர்கள், கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பளபளக்கும் பலகை. கிராஃப்ட் தாளை பீனால் ரெசினில் ஊறவைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து வெனீர் (பிளைவுட்டின் மெல்லிய மர அடுக்கு) மேல் ஒட்டியது. அந்தத் தாளைத்தான் பிலிம் என்கிறார்கள். நமது தரநிலையில் இதற்கு ஐ.எஸ். 4990.

2024 ஜூன் 5, புதன்

கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ வேணுமுங்க?"

பிளைவுட்டை மில்லிமீட்டரில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். சென்ட்ரிங் பிளைவுட் வியாபாரம் எடையில்தான் நடக்கிறது. எட்டுக்கு நாலு அடி, 12 மி.மீ. ஷீட் ஒன்று 28 கிலோவா, 30 கிலோவா, 32 கிலோவா என்பதை வைத்து விலை மாறும். இது நல்ல பழக்கம் என்பது என் எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஷீட்டின் கன அளவு ஏறக்குறைய 0.0357 கன மீட்டர். 32 கிலோ என்றால் கன மீட்டருக்குச் சுமார் 900 கிலோ, 26 கிலோ என்றால் 730. உள்ளே யூகலிப்டஸ் மாதிரி கெட்டி மரம் இருக்கிறதா, பாப்லர் மாதிரி லேசான மரமா, ரெசினும் அழுத்தமும் தாராளமாகக் கொடுத்தார்களா என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். ஹரியானாவின் யமுனாநகரிலிருந்து வரும் சரக்கில் பாப்லரும் யூகலிப்டஸும் அதிகம். கேரளத்தின் பெரும்பாவூர்ச் சரக்கில் ரப்பர் மரம் அதிகம்.

எடையில் ஒரு வில்லங்கமும் உண்டு. நனைந்த ஷீட்டும் கனக்கும். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த ஷீட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். அடிவிளிம்பு சில்லென்று இருந்த அடுக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

மேலே பளபளக்கும் பிலிமைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். மட்டமான சரக்குக்கும் அதே பளபளப்பு வரும். பிலிமின் எடை 120 ஜி.எஸ்.எம்.மா (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), 220ஆ என்று கேட்பது சரிதான். ஆனால் அது எத்தனை தடவை கான்கிரீட்டைத் தாங்கும் என்பதற்கான கேள்வி. பட்டறைக்காரன் பார்க்க வேண்டியது விளிம்பை. விளிம்பில் அடித்திருக்கும் பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், "வெட்டின துண்டு ஏதாவது இருக்குங்களாண்ணா?" என்று கேட்டேன். கேட்டால் கொடுப்பார்கள். வேறு வேறு எடையில் சில துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் நடு அடுக்கில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. இன்னொன்றில் இரண்டு வெனீர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த இடம் மட்டும் மேடு தட்டியிருந்தது. கட்டிடத்தில் இது பெரிய விஷயமில்லை. ரவுட்டர் மேசையில் அந்த மேடு ஒவ்வொரு வெட்டிலும் தெரியும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருக்கும் சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன். உரிமம் யார் பேரில், எந்தத் தரநிலைக்கு என்று காட்டும். முத்திரையில் 4990 இருக்கிறதா, 303 இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்.

2024 ஜூன் 9, ஞாயிறு

வாங்கி வந்த துண்டுகளைப் பழைய பாத்திரம் ஒன்றில் போட்டுக் காலையிலிருந்து மாலை வரை கொதிக்கவிட்டேன். ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டுக்கு 72 மணி நேரக் கொதிப்பு என்று தரநிலையே சொல்கிறது. வீட்டு அடுப்பில் அதற்கு வழியில்லை. ஆனால் பீனால் பசைக்குப் பதிலாகக் கொதிநீர் தாங்காத யூரியா பசை போட்டு ஏமாற்றியிருந்தால் ஒரு பகல் கொதிப்பிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பீனால் பசையின் கோடு கரும்பழுப்பாக இருக்கும், யூரியா வெளிறியிருக்கும் என்பார்கள். நிறத்தை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. கொதிநீர் பொய் சொல்லாது. லேசான துண்டு மாலையில் ஓரமாக வாய் பிளந்தது. உளியை வைத்து லேசாக நெம்பியதும் அடுக்குகள் சுத்தமாகக் கழன்றன, பசைக்கோட்டில் மர நார் ஒட்டவே இல்லை. கனமான துண்டு கொஞ்சம் உப்பியது, அவ்வளவுதான். அதை நெம்பியபோது பசை விடவில்லை, மரம்தான் கிழிந்தது. இதுதான் பார்க்க வேண்டிய அடையாளம். மரம் கிழிந்தால் பசை நல்லது.

பிறகு வெர்னியர் வைத்துக் கனத்தை அளந்தேன். 12 என்று எழுதியிருந்த துண்டுகளில் ஒன்று 11.3, ஒன்று 11.8. ஒரே துண்டின் இரண்டு முனைகளுக்கு நடுவிலேயே வித்தியாசம் இருந்தது. சென்ட்ரிங் பிளைவுட்டை மேசை அலமாரிப் பிளைவுட் மாதிரி ஒரே கனத்துக்கு இழைத்துத் தருவது அபூர்வம். ஆகவே காடி வெட்டும்போது எழுதியிருக்கும் அளவை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பலகையை அளந்தே வெட்ட வேண்டும்.

2024 ஜூன் 14, வெள்ளி

ஸ்லெட் ஆரம்பம். 12 மி.மீ., 32 கிலோ ஷீட்.

பீனால் பிலிம் பிளேடைத் தின்னும். உள்ளே கெட்டி ரெசின் என்பதால் சாதாரணப் பல் சீக்கிரம் மழுங்கி, மேல்தாளைப் பிய்க்கத் தொடங்கிவிடும். பத்து அங்குலத்தில் 80 பல், லேமினேட்டுக்கென்று பல் தீட்டிய கார்பைடு பிளேடு போட்டேன். வெட்டும் கோட்டில் முதலில் கத்தியால் ஆழமாகக் கீறி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவாக ஓட்டினேன். அடிப்பக்கமும் சுத்தமாக வந்தது. தூள் மிக நுண்ணியது. பட்டறைத் தம்பி முகக்கவசத்தைக் கழற்றப் போனான், கழற்றாதே என்று அழுத்திச் சொல்லிவிட்டேன்.

அடுத்தது பசை. பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை எதுவும் இந்தப் பிலிமில் நிற்காது. காய்ந்த பிறகு உரித்தெடுக்கலாம். கான்கிரீட்டே ஒட்டக் கூடாது என்று செய்த பரப்பு இது, பசை மட்டும் எப்படி ஒட்டும்? வழி என்னவென்றால், ஒட்ட வேண்டிய இடத்தில் ரவுட்டரால் இரண்டு மில்லி ஆழக் காடி எடுத்து, பிலிமைத் தாண்டி மரத்தை வெளியே கொண்டுவந்து அங்கே ஒட்டுவது. ஸ்லெட்டின் முன் பின் வேலிகளை (மரத்தை அணைத்து வைக்கும் நிமிர்ந்த சட்டங்களை) இப்படித்தான் உட்காரவைத்து, அடியிலிருந்து ஸ்க்ரூவும் போட்டேன். ஸ்க்ரூவுக்கு முதலில் துளை போட வேண்டும், தலை பதியும் குழியும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பிலிம் குமிழாக எழும்பும். விளிம்பில் ஸ்க்ரூ போடுவதைத் தவிர்த்தேன், அடுக்குகள் பிளக்கும்.

மேசைமேல் வைத்துத் தள்ளியபோது ஸ்லெட் தானாக ஓடியது. மெழுகு தேவைப்படவில்லை.

2024 ஜூன் 15, சனி

கரூரிலிருந்து பஸ் பாடி கட்டும் நண்பர் வந்திருந்தார். பஸ்ஸின் தரைக்கு அவர்கள் போடுவதும் இதே குடும்பம்தான், மேலே சொரசொரப்பாக வலைப்பின்னல் அச்சு அழுத்திய பிளைவுட். "கால் வழுக்கக் கூடாதில்லீங்ளா" என்றார். ஏணிப்படிப் பெட்டி செய்ய அதில் ஒரு துண்டு கேட்டிருக்கிறேன்.

2024 ஜூன் 22, சனி

ரவுட்டர் மேசைப்பலகை. இதற்கு மட்டும் செலவைப் பார்க்கவில்லை. பின்லாந்து பர்ச் மரத்தில் பிலிம் போட்ட 18 மி.மீ. பலகை, வெளியூர் வியாபாரி ஒருவரிடம் துண்டாகக் கிடைத்தது. 18 மில்லியில் 13 அடுக்கு. ஒவ்வொரு வெனீரும் 1.4 மில்லி, எல்லாமே பர்ச். விளிம்பைப் பார்த்தால் நடுவில் ஓட்டையே இல்லை. நம் சந்தை 18 மில்லிப் பலகையில் அடுக்குகள் இதைவிடக் குறைவு, ஒவ்வொன்றும் தடிமன். அடுக்கு தடிமனாக இருந்தால் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை முறுக்குவது அதிகம்.

இரண்டு பக்கமும் பிலிம் இருப்பதும் முக்கியம். ஒரு முகத்தை மட்டும் மூடினால் திறந்த முகம் ஈரத்தை இழுக்கும், பலகை வில்லாக வளையும். சாதாரணப் பிளைவுட்டில் மேல்பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டியவர்களுக்கு இது தெரியும். அடியிலும் ஒரு தாள் ஒட்டினால்தான் சரியாகும். தென்மேற்குக் காற்றில் இப்போது பட்டறைக்குள் ஈரப்பதம் ஏறிக் கிடக்கிறது. ஒரு வாரம் பலகையைச் சட்டங்களின் மேல் படுக்கவைத்துவிட்டு, இன்று நேர்சட்டம் வைத்துப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் தெரியவில்லை. ரவுட்டரைத் தாங்கும் தகடு பதிக்கும் குழியை வெட்டிவிட்டேன்.

இத்தனை விலை கொடுக்க முடியாதவர்களுக்கு என் யோசனை: 12 மில்லி நல்ல சென்ட்ரிங் பிளைவுட் இரண்டை ஒட்டி 24 ஆக்கலாம். ஒட்டும் முகங்களின் பிலிமை உப்புத்தாள் போட்டு மரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். அது கை ஒடியும் வேலை. எபாக்ஸி என்றால், பிலிம் நன்றாகச் சொரசொரக்கும்வரை தேய்த்து ஒட்டி, ஊடே ஸ்க்ரூவும் போடலாம். வேலைக்கூலியைச் சேர்த்தால் மிச்சம் கொஞ்சம்தான்.

2024 ஜூன் 30, ஞாயிறு

பெயர்ப்பலகை. நூலகத்தார் கேட்டது கையால் எழுதிய எழுத்து. எழுதப்போகிற ஓவியர் வந்து கறுப்புப் பிலிமைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல எனாமல் உரிஞ்சு வந்துருமுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வினைல் எழுத்து ஒட்டுவதாக இருந்தால் இந்தப் பிலிமே போதும், அழகாகப் பிடிக்கும். தூரிகை எழுத்துக்கு எம்.டி.ஓ.தான் பொருத்தம், அது இங்கே இல்லை. அதனால் பிலிமை விட்டுவிட்டு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட், 12 மில்லி எடுத்தேன். முகத்தைத் தேய்த்து, இரண்டு பக்கமும் பிரைமர், மறுபடி தேய்த்து, இரண்டு கோட் எனாமல்.

பலகை எதுவானாலும் தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாக. இந்தப் பலகையின் நான்கு விளிம்பிலும் எபாக்ஸியைத் தடவி, உறிஞ்சிய இடத்தில் மறுபடி தடவி, அதன்மேல்தான் பெயின்ட். ஸ்லெட்டுக்கும் மேசைப்பலகைக்கும் வெட்டிய விளிம்புகளில் பாலியூரிதேன் வார்னிஷ் அடித்தேன். ஸ்க்ரூத் துளைக்குள்ளும் ஒரு குச்சியால் தொட்டுவிட்டேன். மேல்விளிம்பில் தண்ணீர் தேங்காமல் வழிய லேசான சரிவு இழைத்திருக்கிறது.

2024 ஜூலை 4, வியாழன்

ஓவியர் எழுத்தை முடித்துவிட்டார். காய இரண்டு நாள் விட்டு, சனிக்கிழமை மாட்டப் போகிறோம். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டு. மிச்சமிருக்கும் சென்ட்ரிங் பிளைவுட் துண்டுகளில் டிரில் பிரஸ்ஸுக்கு ஒரு மேசையும், மரப்பட்டி வெட்ட ஒரு ஜிக்கும் (வெட்டுக்கு வழிகாட்டும் அமைப்பு) வரும்.