தக்பீருக்கு முன்னாடி

தாராவி 90 அடி ரோட்டில் கடை வைத்திருக்கிறவனுக்கு அஸர் என்கிற பின்மாலைத் தொழுகையில் கல்லாப்பெட்டியும் பக்கத்திலேயே வந்து நிற்கும், அது தெரிந்த கதைதான். ஆனால் மனசு ஒன்றவில்லை என்று புலம்புகிற நாம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவதற்கு முன்னாடி என்ன செய்கிறோம்?

போனை சைலண்டில் போட்டால் போதாது, பையில் கிடந்து அதிரும், அணைத்தே விடுங்கள், பத்து நிமிஷத்தில் மும்பை நின்றுவிடாது. சாப்பாடு வைத்தாயிற்று என்றால் முதலில் சாப்பிடுங்கள், ஹதீஸே (நபிமொழியே) அப்படித்தான் இருக்கிறது. சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதும் வேண்டாம். பசியோடு நின்று பிரியாணியை நினைப்பது என்ன பக்தியோ!

ஜமாஅத் தொழுகை தொடங்கப்போகிறது என்று சொல்கிற இகாமத் கேட்டதும் சிலர் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, நிதானமாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதை நிறைவு செய்யுங்கள் என்று நபி (ஸல்) சொல்லியிருக்க, எதற்கு அது?

அப்புறம் உடை. வேலைப்பாடு போட்ட ஒரு போர்வை கவனத்தை இழுத்தது என்று நபியவர்களே அதை கொடுத்த தோழர் அபூ ஜஹ்முக்குத் திருப்பி அனுப்பினார்கள். முன் ஸஃப்பில் (வரிசையில்) முதுகு முழுக்க எழுத்து அச்சடித்த டீசர்ட்டோடு நிற்கிற தம்பிமாரே, பின்னால் நிற்கிறவன் தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும், அதாவது ஒவ்வொரு ரக்அத்திலும், அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறான்.