ஒரே பழுப்பு, இரண்டு நிறம்

காலை முழுக்கக் கத்தரிக்கோலும் வண்ணத் தாள்களுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரான ஓவியர் யோசப் ஆல்பர்ஸ், 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் பள்ளி மூடியதும் அமெரிக்கா போனார். அங்கே மாணவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி இது: ஒரு நிறத்தை இரண்டாகக் காட்டு. பெயின்ட் வேண்டாம், தாள் போதும். தாளில் அதே நிறம் ஒவ்வொரு முறையும் பிசகாமல் கிடைக்கும், அதனால்தான்.

ஒரே பழுப்புத் தாளில் இரண்டு துண்டு வெட்டினேன். மஞ்சள் மேல் வைத்த துண்டு இருண்டுபோனது. கருநீலத்தின் மேல் வைத்ததோ பளிச்சென்று, லேசாக ஆரஞ்சு தட்டி நின்றது. இரண்டையும் எடுத்து ஒட்டி வைத்தால், சரி, அதே பழுப்பு! நம்பாமல் நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்தேன். விரல் நுனியெல்லாம் பசை.

நாளைக்கு இதற்கு நேர்மாறான பயிற்சி: இரண்டு வேறு நிறங்களை ஒன்றாகக் காட்ட வேண்டும்.